இறுக்கிட்டியா, மாப்புள?

கிட்டார் செய்யும்போது ரூட்டர் பிட் நழுவுவதற்கு ஆறு காரணங்கள் உண்டென்று போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். ஏழாவதாக ஒன்று இருக்கிறது. அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிய வேண்டுமானால் அவர் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் பிறந்து, என்னைப் போல ஓர் அதிகப்பிரசங்கியாக வளர்ந்திருக்க வேண்டும்.

ரூட்டர் என்றதும் பிள்ளைகள் வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுங்கும் இன்டர்நெட் பெட்டியை நினைப்பார்கள். நான் சொல்வது மரத்தில் பள்ளம் குடையும் கை மெஷின். அதன் வாயில் கொலட் என்று ஒரு சின்ன உலோகக் குழல் இருக்கும், பக்கமெல்லாம் கீறல் விட்டது. வெட்டும் பிட்டின் தண்டை அதற்குள் செருகி, வெளியே உள்ள நட்டை இறுக்கினால், கொலட் சுருங்கித் தண்டைக் கவ்விக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி. கவ்வாவிட்டால் சுற்றுகிற வேகத்தில் பிட் தன்னைத்தானே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு இறங்கும். அரை அங்குலம் கேட்ட இடத்தில் ஓர் அங்குலம் தரும். இப்படிக் கேளாமல் அள்ளிக் கொடுக்கும் தாராளத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இறுக்குவதைப் பற்றி எனக்கு எவனும் பாடம் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில், ஸ்டோர் என்றுதான் நாங்கள் சொல்வோம், இருபத்திரண்டு வருடம் மெஷின்களைப் பூட்டிப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவன் நான். "வேலை தெரிஞ்சவன் இறுக்குனா சாமியே வந்தாலும் கழட்ட முடியாது" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத முடியாது.

ஸ்டோர் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடும் என்று ஆனபிறகு வெளியே வந்து ரோட்டோரம் ஒரு பட்டறை போட்டேன். ஜன்னல், அலுமாரி, பூசை மாடம். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இரண்டு எலக்ட்ரிக் கிட்டாரும் செய்தேன். முதலாவது டவுனில் ஒரு சலூன் சுவரில் தொங்குகிறது. வாசிக்க முடியாது என்பதால் அங்கே அதற்கு நல்ல மரியாதை. இரண்டாவதை வாசிக்கலாம், காது கொஞ்சம் மந்தமாக இருந்தால்.

மூன்றாவது என் மச்சானுக்கு. என் மனைவியின் அண்ணன். ஆனாலும் அவனும் நானும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள், அதனால் சம்பந்தம் ஆனபிறகும் வா, போதான். அவனும் என்னோடு அதே ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் ரோலர் அறையில் வேலை செய்தான். சனி ஞாயிறுகளில் ஒரு மியூசிக் குரூப்பில் கிட்டார். கல்யாணம், தேர்த்திருவிழா, கிறிஸ்மஸ் எதுவானாலும் அவன் வாசிக்காமல் எங்கள் பக்கத்தில் ஒன்றும் நடந்ததில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் ரோலரின் பெல்ட் அவன் இடது கையில் நடுவிரலையும் மோதிரவிரலையும் கொண்டுபோய்விட்டது.

கிட்டாரில் நரம்பை அழுத்துவது இடது கை. அழுத்த விரல் இல்லை. எல்லோரும் "அவ்வளவுதான், பாவம்" என்று உச்சுக் கொட்டிவிட்டு வேறு ஆளைக் குரூப்பில் போட்டார்கள். இவன் என்ன செய்தான் தெரியுமா? பேசாமல் கிட்டாரைத் திருப்பிப் பிடித்தான். வலது கையால் அழுத்துவது, இடது கையில் மிச்சம் இருந்த பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மீட்டுவது. நாற்பது வயதுக்குமேல் அ, ஆ-விலிருந்து தொடங்கினான். பழைய கிட்டாரில் நரம்பை மாற்றிக் கட்டிப் பார்த்தோம். வால்யூம் குமிழ் முழங்கையில் இடித்தது, மேல் கட்டைகளுக்குக் கை எட்டவில்லை. கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறிய கிட்டார் வேண்டும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கேட்டதற்குக் கடைக்காரர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ஆயுத பூசைக்கு முந்திய வாரம் குரூப் தலைவர் அவனிடம், "தீவாளி ஷோவுல வந்து ரெண்டு பாட்டு வாசிங்கண்ணே, பாப்போம்" என்று சொல்லிவிட்டார். நன்றாக வந்தால் அவன் இடம் அவனுக்கு. வராவிட்டால் இப்போது வாசிக்கிறவரே நிரந்தரம். மச்சான் மறுநாளே கொத்மலைக்குப் போய், வீட்டுத் தோட்டத்தில் அறுத்துக் காயவைத்திருந்த ஒரு பலாப் பலகையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தான். கண்டக்டர் ஏசி, பிரயாணிகள் ஏசி, கடைசியில் மிதிபலகையில் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றே வந்திருக்கிறான். "ரெண்டு கிட்டாருக்கு ஆகும் மாப்புள. ஒண்ண நீ வீணாக்குனாலும் ஒண்ணு மிஞ்சும்" என்றான். அந்தக் கிண்டல் எனக்குச் சுருக்கென்றது. பேசாமல் இரண்டு உடல்களையும் ஒரே அச்சில் அறுத்து வைத்தேன்.

அப்புறம் ஆயுத பூசை வந்தது. மெஷின்களைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, பொரி, கடலை, அவல், சுண்டல் எல்லாம் படைத்து, பூசணிக்காய் உடைத்து, சிறப்பாகத்தான் செய்தேன். அதை இப்போதைக்கு விடுவோம்.

பூசை முடிந்து ஒரு வாரம் கழித்து, கிட்டாரின் கழுத்து வந்து உட்காரும் பள்ளத்தைக் குடையத் தொடங்கினேன். இதுதான் கிட்டாருக்கு உயிர்நிலை. பதினாறு மில்லிமீட்டர் ஆழம், அடி சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் நரம்பு சுருதியில் நிற்காது. மச்சான் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிட்டைச் செருகி இறுக்கினேன்.

"இறுக்கிட்டியா, மாப்புள?"

"இறுக்கிட்டேன் மச்சான்."

பாதி போவதற்குள் சத்தம் மாறியது. அடித்தொண்டையில் உறுமுகிற சத்தம். என்ன ஏது என்று நிறுத்துவதற்குள் பிட் ஒரு பக்கம் ஆழத்தில் இறங்கி, ஓரச் சுவரையும் கடித்து, பலாவின் மெல்லிய உதடு டப்பென்று தெறித்து மச்சானின் காலடியில் விழுந்தது. அவன் குனிந்து அதை எடுத்துப் பார்த்தான். உடைந்த இடத்தில் பொருத்திப் பார்த்தான். அவன் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். எனக்கு மேடைகளுக்குப் பஞ்சமே இல்லை. பிட் சீனத்துச் சாமான் என்றேன். கரண்ட் ஏறி இறங்குகிறது என்றேன். கொத்மலைப் பலா சரியாகக் காயவில்லை என்றேன், கொத்மலைக்காரர்களையே சந்தேகப்பட்டேன். அந்த நேரம் பார்த்து சாப்பிடக் கூப்பிட்ட மனைவியிடம், "நீ கூப்பிட்டதுலதான் கை ஆடுச்சு" என்று சத்தம் போட்டேன். அவள், "நான் கூப்புட்டது மரம் ஒடஞ்சதுக்கு அப்புறம்" என்றாள். நியாயமாகப் பேசுகிறவர்களோடு அந்த நேரத்தில் எனக்குப் பேசப் பிடிக்காது.

மறுநாள் ஸ்பேனரில் ஒன்றரை அடிக் குழாயைச் சொருகி, உடம்பு பாரமெல்லாம் கொடுத்து இறுக்கினேன். இன்னொரு பலா உடலைத் தொடவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. கழிவு மரத் துண்டில் வைத்துப் பார்த்தேன். மச்சான் மறுபடியும் கேட்டான், "இறுக்கிட்டியா?" "இதுக்குமேல இறுக்குனா நட்டே ஒடஞ்சிரும்" என்றேன். பிட் இறங்கியது. இன்னும் இறுக்கினேன். இன்னும் இறங்கியது. தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மச்சான் எழுந்து, "பரவால்ல விடு மாப்புள. அவங்க வேற ஆள வச்சிருக்காங்கதானே" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் வாசலில் நின்று அந்த மூன்று விரல் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். நாலு வருடமாக அவன் அந்தக் கையை மறைத்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்குத்தான் மானத்தை விட்டு அந்த வெள்ளைக்காரரின் வீடியோவைப் போட்டேன். தண்டை அடிமட்டம் வரை குத்திச் செருகாதே, முட்டிக்கொண்டு நின்றால் கொலட்டால் கவ்வ முடியாது, இரண்டு மில்லிமீட்டர் மேலே தூக்கிப் பிடித்து இறுக்கு என்றார். நான் ஒவ்வொரு முறையும் முட்டும்வரை குத்துகிறவன். தண்டில் எண்ணெய் இருக்கக்கூடாது என்றார். எங்கள் பனியில் இரும்பு இரண்டு நாளில் துருப்பிடிக்கும் என்று பிட்டுகளுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசி வைத்திருப்பவன் நான், தலைக்குத் தடவியதைவிட அதிகமாக. கொலட்டைக் கழற்றிச் சுத்தம் செய், உள்ளே அழுக்கு இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நீ அழுக்கைத்தான் இறுக்குகிறாய் என்றார். அதில் மட்டும் எனக்கு நம்பிக்கை இருந்தது. பூசைக்கு நானே துடைத்த மெஷின். அழுக்கு எங்கிருந்து வரும்?

நட்டைக் கழற்றிக் கொலட்டை வெளியே எடுத்தேன். கீறல்களுக்குள் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. பலாத் தூள் என்று நினைத்தேன், பலாவும் மஞ்சள்தானே. தேநீர் கொண்டுவந்த மனைவி அதை என் கையிலிருந்து வாங்கி மோந்து பார்த்தாள்.

"ஏங்க, இது சந்தனம்."

"போடி, சந்தனம் எப்படி மெஷினுக்குள்ள போகும்?"

"நீங்கதானே வச்சீங்க! நான் மேல லேசா வச்சா போதும்னேன். நீங்கதான் கேக்கல, வாயிலயே வச்சீங்க."

அட கடவுளே. உண்மைதான். பூசையன்று ரூட்டரைத் தலைகீழாக நிறுத்தியிருந்தேன். பிட் இல்லாமல் அந்த வாய் நடுவில் வட்டமாக, நெற்றி மாதிரியே இருந்தது. மற்ற மெஷின்களுக்கு ஒரு விரல் சந்தனம் என்றால், மச்சான் வேலை நல்லபடியாக முடிய வேண்டும் என்று இதற்கு மட்டும் மூன்று விரலால் அள்ளி அப்பினேன். நடுவில் குங்குமம். அது வழிந்து உள்ளே இறங்கி, கீறல்களில் காய்ந்து, மாவு மாதிரி ஆகியிருந்தது. அதன்மேல் தேங்காய் எண்ணெய் பூசிய தண்டைக் குத்தி, குழாய் போட்டு இறுக்கியிருக்கிறேன். சந்தனமும் எண்ணெயும் சேர்ந்தால் சாமிக்கு அபிஷேகம் செய்யலாம், மரம் வெட்ட முடியாது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் யானைகூட என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் பெயிண்ட் கரைக்கும் தின்னர் தொட்டுக் கீறல் கீறலாகத் தேய்த்தேன். தண்டைத் துணியால் துடைத்து, விரலில் வழுக்கல் போகும்வரை பார்த்தேன். செருகி, அடி முட்டியதும் கொஞ்சம் மேலே தூக்கி, குழாய் இல்லாமல் வெறும் ஸ்பேனரால் சாதாரணமாக இறுக்கினேன். கொலட்டின் வாய்விளிம்பில் தண்டைச் சுற்றி மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டேன். நழுவினால் கோடு விளிம்பை விட்டு விலகி வந்துவிடும். கழிவுத் துண்டில் ஒரே இறக்காக இறக்காமல் மூன்று மூன்று மில்லிமீட்டராகக் குடைந்தேன். நிறுத்திப் பார்த்தால் கோடு போட்ட இடத்திலேயே நின்றது. மனைவி, "பாத்தீங்களா" என்றாள். எனக்குச் சந்தோசம் வரவேண்டிய நேரம். வரவில்லை.

ஏனென்றால் அந்த மஞ்சள் மாவு இன்னும் துணியில் இருந்தது, அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொரு பூசையும் வேறொரு நிறமும் ஞாபகத்துக்கு வந்தன. ஸ்டோரில் ஆயுத பூசைக்குத் துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், வருவார். துரை வருவதற்காக மெஷின்களுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடிப்போம். நாலு வருடத்துக்கு முந்திய பூசையில் ரோலர் பெல்ட்டை மூடியிருக்கும் இரும்பு வலையையும் கழற்றி அடித்தேன். காய நேரமில்லை. துரையின் ஜீப் சத்தம் கேட்டது. ஈரப் பெயிண்டோடு வலையை மாட்டி, போல்ட்டைப் பெயிண்ட் பிதுங்கப் பிதுங்க இறுக்கினேன். பொட்டும் வைத்தேன். துரை, "வெரி குட்" என்றார்.

மூன்றாவது வாரம் அந்த வலை ஒரு பக்கம் கழன்று தொங்கியிருக்கிறது. ஓடுகிற மெஷின் என்றும் பார்க்காமல் மச்சான் இடது கையால் அதை மேலே தள்ளியிருக்கிறான். விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் சிங்களத்தில் ஒரே கேள்விதான் கேட்டார், போல்ட்டை இறுக்கினாயா என்று. "ஓவ் மாத்தயா" என்றேன். பொய்யில்லை. சத்தியமாக இறுக்கினேன். தொழிலாளியின் கவனயீனம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். மச்சானுக்கு ஆஸ்பத்திரியில் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தபடியே, "ஓடுற மெஷின்ல எவனாச்சும் கை வைப்பானா" என்று அரை மணி நேரம் புத்தி சொன்னவன் நான். எவ்வளவு இறுக்கினாலும் நீ அழுக்கைத்தான் இறுக்குகிறாய் என்று வெள்ளைக்காரர் சொன்னார் அல்லவா? அன்றைக்கு நான் இறுக்கியது பெயிண்டை. அது காய்ந்து பொருக்காகி உதிர்ந்ததும் போல்ட்டுக்கு அங்கே பிடிமானம் எது?

மறுநாள் மச்சானை வரச் சொன்னேன். நல்ல பள்ளம் விழுந்த துண்டைக் காட்டினேன். அவன் முகம் மலர்ந்தது. சந்தனக் கதையைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மற்றதையும் சொல்லிவிட்டேன். பெயிண்ட், ஜீப், போல்ட், எல்லாம். மனைவி தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றாள்.

மச்சான் கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே தடவிக்கொண்டிருந்தான்.

"தெரியும் மாப்புள."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கி கையில துணியச் சுத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போற லொறிக்குக் காத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்ல. போல்ட்டு என் காலுகிட்டதான் கெடந்துச்சு. தலைக்குக் கீழ பச்சப் பெயிண்டு, பொருக்குப் பொருக்கா. காலாலயே தள்ளி கான்ல விட்டுட்டேன்."

கழிவுத் தண்ணீர் ஓடும் கானில். நான் எத்தனையோ தடவை தாண்டிப் போன கான்.

"ஏன்டா?" என்றேன்.

"ஏன்னா? அத எடுத்துக் குடுத்தா ஒன் வேல போயிரும். இவ மறுபடியும் கொழுந்துக் கூடைய மாட்டணும். இவ முதுகுக்குக் கூடையே தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்த நேரம். எனக்கு வெரல் போனது போனதுதானே."

"பின்ன ஏன் ஒவ்வொரு தடவையும் இறுக்கிட்டியா, இறுக்கிட்டியான்னு கேட்ட?"

"சும்மா" என்றான். "நீயா ஒரு நாளைக்கி பாத்துட்டுச் சொல்வியான்னுதான்."

மனைவி அண்ணனுக்கு மட்டும் தேநீரை வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு வைக்கவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவும் இல்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது, அதுவும் என் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டாவது பலா உடலில் பள்ளத்தைக் குடைந்தபோது ஒவ்வோர் இறக்குக்கும் மெஷினை நிறுத்தி மார்க்கர் கோட்டைப் பார்த்தேன். அரை மணி நேர வேலைக்கு ஒரு காலை முழுவதும் போனது. கழுத்து வந்து உட்கார்ந்தபோது இடையில் ஒரு தாள்கூட நுழையவில்லை. பொட்டு எதுவும் வைக்கவில்லை.

தீபாவளி ஷோ சாயங்காலம் டவுன் மைதானத்தில். பனி இறங்கி, லைட் எல்லாம் மங்கலாக இருந்தது. குரூப் தலைவர் மைக்கில் மச்சானின் பெயரைச் சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் எங்கள் தோட்டத்து ஆட்கள், விசில் பறந்தது. மேடையில் ஏறப்போனவன் படிக்கட்டில் நின்று, கிட்டாரை என் பக்கம் நீட்டிக் கழுத்தின் பின்னால் உள்ள நாலு ஸ்குரூவைக் காட்டினான்.

"இறுக்கிட்டியா, மாப்புள?"

இறுக்கியிருந்தேன். காலையில்தான் இறுக்கினேன். நன்றாக ஞாபகம் இருந்தது.

"தெரியல மச்சான்" என்றேன். "இரு, பாத்துட்டுச் சொல்றேன்."

பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். மேடையிலிருந்து தலைவர் கத்தினார், கூட்டம் விசிலடித்தது, யாரோ என் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மச்சான் அவசரப்படவில்லை. மூன்று விரல் கையால் கிட்டாரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நான் நாலாவது ஸ்குரூவைப் பார்த்து முடிக்கும்வரை நின்றான்.